முந்திக்கொண்ட பாராட்டு

கைதட்டல் வாங்கிவிட்டு ஆத்திரத்தில் அழுதவள் எனக்குத் தெரிந்து இன்ஷிராஹ் ஒருத்திதான். எங்கள் இசைப்பள்ளியின் ஆண்டு விழா அன்று. அவளுடைய சக்கர நாற்காலியை மேடையிலிருந்து இறக்கியதுமே, கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி என் மடியில் எறிந்தாள்.

"இனிமே பாடத்துக்கு வரமாட்டேன், நாதிரா. வேற ஆளப் பாத்துக்க."

"என்னடி ஆச்சு? நல்லாத்தானே வாசிச்ச?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? நான் வாத்தியத்தக் கீழ போட்டு உடைச்சிருந்தாலும் இவங்க தட்டியிருப்பாங்க."

இன்ஷிராஹுக்கு என் வயதுதான். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை அடிபட்டு, கைகால்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு மட்டும் யாருக்கும் அடங்காது.

அவளுக்கு ஊத் என்கிற தந்தி வாத்தியத்தைக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் முதுகு பூசணிக்காய் மாதிரி உருண்டை. அவள் மடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. மேசைமேல் படுக்கவைத்து, பக்கத்துக்கு ஒரு மணல் மூட்டையை முட்டுக் கொடுத்தேன். வலது கை விரல்கள் மடங்கியே கிடப்பதால், மீட்டும் பட்டையைக் கையுறையோடு சேர்த்துத் தைத்தோம். இடது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவளுக்கு விசுவாசி. அது ஒரே தந்தியில் மேலும் கீழும் வழுக்கிப் போக, மற்றத் தந்திகள் கூடவே நின்று முழங்கும்படி சுருதியை மாற்றிவைத்தேன். தாளம் மட்டும் ஒத்துவரவே இல்லை. உடம்பு எப்போது உதறும் என்று அவளுக்கே தெரியாது. தாளம் காட்டும் கருவியை முறைத்து, "அந்த டக்டக் பெட்டியத் தூக்கிக் கடல்ல போடு" என்றாள். ஆகவே தாளமில்லாமல் ராகத்தை விரித்துக்கொண்டே போகும் தக்ஸீமுக்கு வந்தோம். அங்கே அவளை யாரும் அவசரப்படுத்த முடியாது. விரல் போய்ச் சேரத் தாமதமானால், அந்தத் தாமதமும் வாசிப்பில் சேர்ந்துகொள்ளும்.

தக்ஸீமில் ராகம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, கிளம்பிய அடிச் சுரத்துக்கே வீடு திரும்புவதுபோல வந்து சேரும்போது, கேட்பவர் வாயிலிருந்து "அல்லாஹ்!" என்று தானாக வரும். வாசிப்பவருக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது. கண்ட இடத்தில் சொன்னால் அதைவிடப் பெரிய அவமானமும் கிடையாது.

விழாவில் அவள் சுருதி சேர்க்கும்போதே அண்ணன் ஷுக்ரி எழுந்து நின்று "அல்லாஹ்!" என்று அலறினான். அவன் மினிபஸ் ஓட்டுபவன். குரலும் ஹாரன் மாதிரிதான். வாராவாரம் பாடத்துக்காகத் தங்கையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடிப்படி ஏறுகிற அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பின்னாலேயே கத்திய கூட்டத்தின்மேல்தான் வந்தது. உடம்பு உதறி அவள் தவறான தந்தியை அடித்தபோதும் தட்டினார்களே, பாவிகள்!

"பாவம் பாக்கத் தெரியாத ஆளுங்ககிட்ட உன்னக் கூட்டிட்டுப் போறேன். அங்கயும் இதே கதைன்னா நீ நிறுத்திடு. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றேன்.

"அப்படிப்பட்ட ஆளுங்க இந்த அலெக்சாந்திரியாவுல இருக்காங்களா?"

"மீன் சந்தைக் காபிக் கடையில இருக்காங்க."

அந்தக் கடையில் வெள்ளிக்கிழமை மாலையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம். நான் ஒருமுறை வாசித்தபோது, பாதியில் ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"ஆம்பளைங்க பகடை உருட்டுற எடத்துக்கா?" என்று குதித்தான் ஷுக்ரி. குதித்துக்கொண்டே எங்களைக் கூட்டியும் போனான்.

நாங்கள் போனபோது தொலைக்காட்சியில் எங்கள் ஊர் அணி கால்பந்து ஆடிக்கொண்டிருந்தது. மீன் ஏலம் விடும் பையூமி, சந்தைக்காரர்கள் 'முஅல்லிம்', அதாவது முதலாளி, என்று கூப்பிடுபவர், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஷிராஹைப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டியக் கொஞ்சம் தள்ளு. கோல் போஸ்ட்ட மறைக்குற."

ஷுக்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. இன்ஷிராஹுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க தள்ளி உக்காருங்க, முஅல்லிம். என் வண்டி உங்க நாற்காலிய விட கனம்."

முணுமுணுத்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தார்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஒருவரும் திரும்பவில்லை. பகடை உருண்டது, தேநீர்க் கண்ணாடிகள் மோதின. அந்த ஒற்றை விரல் நடுங்கி நடுங்கி மேலே ஏறியது.

"அல்லாஹ்!" என்றான் ஷுக்ரி.

"எதுக்குய்யா கத்துற?" என்றார் பையூமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அவ இன்னும் தெரு முனைக்கே வரல. வீட்டுக்கு வந்து சேரட்டும்."

"அவ என் தங்கச்சி!"

"இருக்கட்டுமே. தங்கச்சின்னா காது கொடுத்துக் கேக்கக் கூடாதா?"

எழப்போன ஷுக்ரியின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். இன்ஷிராஹ் நிறுத்தவில்லை. அப்போது பார்த்து உடம்பு உதறியது. கை எகிறி, சேராத தந்தியில் விழுந்தது.

"அடடா, போச்சு" என்றார் ஒருவர், பகடை தவறினால் சொல்வது போலவே.

அந்தத் தந்தியை அவள் மறுபடியும் அடித்தாள். இந்த முறை வேண்டுமென்றே. இன்னொரு முறையும் அடித்தாள். அங்கிருந்தே ஒரு வழி பிடித்தாள். நான் சொல்லிக்கொடுக்காத வழி. சுற்றிச் சுற்றி வந்து, வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டாள். விரல் நடுங்கியது, கீழே இறங்கவில்லை. முடியவில்லையா, மனமில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. தேநீர்த் தட்டோடு வந்த பையன் அப்படியே நின்றான்.

பிறகு இறங்கினாள்.

"அல்லாஹ்..." என்றார் பையூமி, சுடுதேநீர் நாக்கில் பட்டவர் மாதிரி. பக்கத்து மேசையிலிருந்தும் வந்தது, அதற்கடுத்ததிலிருந்தும் வந்தது. ஷுக்ரி மட்டும் சொல்லவில்லை. வாயை இறுக மூடியிருந்தான். கண்ணீர் மீசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பையூமி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"கடைசியில ஒரு வழியா வந்தியே, அந்த வழியில இன்னொரு தடவ வாம்மா."

"மேட்ச் முடியட்டும், முஅல்லிம். நடுவுல கோல் கோல்னு கத்துவீங்க."

பையூமி எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். ஆட்டம் முடிய இன்னும் நேரமிருந்தது. எங்கள் ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடையில் ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை.