உள்ளே வைத்த பொட்டு

பழைய பெல்ட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதை வாகீசனே ஒத்துக்கொள்வான். மூன்று பனிக்காலம் ஓடியும் ஓரம் பிய்யாமல், வெடிக்காமல் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை காலை, விட்பியில் தன் வீட்டுக் கராஜில் குந்தியிருந்து, பனியில் ஓடுகிற ஸ்னோமொபைலின் பக்கமூடியைத் திறந்து, கம்பனி போட்டுத் தந்த கிளச் ஸ்பிரிங், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டான். புதியது வேறொரு கம்பனியின் 'கிட்' சாமான், இன்ரநெற்றில் எடுப்பித்தது. அதைப் பூட்டினால் வண்டி நின்ற இடத்திலிருந்தே பாயும் என்று வீடியோவில் ஒருவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"ஓடிக்கொண்டுதானே இருந்தது. இப்ப என்னத்துக்கு உந்தப் புதுச் சாமான்?" கதவடியில் நின்று ரதி கேட்டாள்.

"ஓடினால் காணாது. பாய வேணும்."

"எங்கை பாய?"

அவன் குனிந்து போல்ட்டை இறுக்கினான். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.

ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி உறைந்து கிடந்தாலும், ஓரிடத்தில் அதன் பனி வெடிக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளினால் வெடிப்பு மூடும். மறுபக்கம் தள்ளினால் விரியும். நடுவில் கறுத்த தண்ணீர். முழு வேகத்தில் வருகிற வண்டி அந்தத் தண்ணீருக்கு மேலாலேயே வழுக்கிக்கொண்டு அக்கரைப் பனியில் ஏறிவிடும். வேகம் காணாவிட்டால் கல்லுப்போலத் தாழும். போன கிழமை அவனுடைய கூட்டாளி பிரவீனன் அதைத் தாண்டினான். வாகீசன் பிறேக்கைப் பிடித்து இந்தப் பக்கமே நின்றுவிட்டான். பின்னேரம் கூட்டாளிகளின் வாட்ஸப்பில் அவன் தனியே நிற்கிற படம் வந்தது. அதன் கீழே, 'கரை காக்கும் ஐயனார்.' முப்பத்தெட்டு வயது மனிசன் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான்.

"புதுச் சாமான் போட்டிருக்கிறியள். பொறுங்கோ, ஒரு எலுமிச்சங்காய் வைச்சுப் பொட்டு வைச்சு விடுறன்."

"வேண்டாம் ரதி. பிரவீனன் கண்டானெண்டால் அதுக்கும் ஒரு படம் போடுவான்."

"வெளியாலை தெரியாமல் வைக்கிறன்."

"என்னவும் செய்யும். ஆக்களின்ரை கண்ணிலை படக்கூடாது."

அவன் உடுப்பு மாற்ற உள்ளே போனான். மேசையடியில் இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்த மகள் நிலக்சி, "அப்பா, be careful, okay?" என்றாள். அவளுடைய தலையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தபோது ரதி வண்டியின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றாள். சந்தனமும் குங்குமமும் பட்டு விரல்நுனி சிவந்திருந்தது. விளக்குக்கு விட்ட நல்லெண்ணெய் அவள் கையில் மணத்தது. அவன் வண்டியின் வெளிப்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தான். ஒரு புள்ளியும் தெரியவில்லை. நல்லதென்று, திறந்து கிடந்த மூடியை அவசரமாகப் பூட்டி, ட்ரெயிலரில் ஏற்றினான்.

ஏரிக்கரையில் பிரவீனன் ஏற்கெனவே காத்திருந்தான். வானம் கழுவாத சட்டிபோலக் கிடந்தது. பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு இரை விற்கிற பெண் ஒருத்தி தன் கொட்டிலிலிருந்து வெளியே வந்து, காற்று மாறிவிட்டது, தூரப் போகாதீர்கள் என்று கையைக் குறுக்கே ஆட்டினாள்.

"இரை வாங்கேல்லை எண்டு அவவுக்குக் கோவம் மச்சான்," என்றான் பிரவீனன். "என்ன, கிட் போட்டிட்டியோ? இண்டைக்காவது அக்கரை காணுவியோ?"

"நீ முன்னாலை போ. நான் உன்னை முந்திறன்."

"ஐயனாரே, குதிரை வெளிக்கிடட்டும்!"

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடினார்கள். பாதை தெரிவதற்காகப் பனியில் நட்டிருந்த ஊசியிலை மரக் கொப்புகளில் இரண்டு விழுந்து கிடந்தன. அவற்றை யாரும் நிமிர்த்தியிருக்கவில்லை. கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் வாகீசன் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் குடியிருந்தான். மேல்வீட்டுக்காரர் கட்டிலை இழுத்தால் இப்படித்தான் கேட்கும். அங்கே அந்தச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. இங்கே காலுக்குக் கீழே யாரோ கட்டிலை இழுத்தார்கள்.

திரும்பிவிடலாமா என்று நினைத்தான். அந்தப் படம் ஞாபகம் வந்தது.

பிரவீனன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்தான். வாகீசனும் அக்சிலேற்றரை முழுதாக அழுத்தினான். எஞ்சின் வீரிட்டது. ஆனால் வேகம் வரவில்லை. விடாமல் அழுத்தினான். எஞ்சின் கத்தக் கத்த, வண்டி சேற்றில் இழுபடுவதுபோல இழுபட்டது. பிறகு றப்பர் எரிகிற மணம் மூக்கில் அடித்தது. வீடியோக்காரனை வாய்க்குள் திட்டிக்கொண்டே எஞ்சினை நிறுத்தினான். பிரவீனன் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தான்.

மூடியைத் திறந்தவன் ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டான். உள்ளே புகை. பெல்ட் ஓடுகிற வழவழத்த இரும்பு முகம் முழுக்கச் சிவப்பு வளையங்கள். புது பெல்ட்டின் ஓரத்திலும் சிவப்பு. யாருக்கோ காயம் பட்டதுபோல இருந்தது. பிறகுதான் எரிந்த றப்பருக்குள்ளிருந்து சந்தனமும் நல்லெண்ணெயும் மணத்தன. பெல்ட் தொடாத நடுவில் ஒரு பொட்டு மட்டும் அழியாமல், வட்டமாக, அவளுடைய விரல் அளவில் இருந்தது.

வெளியில் தெரியக்கூடாது என்றான். அவள் உள்ளே வைத்திருக்கிறாள்.

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த முகத்தில் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் பெல்ட் வழுக்கும். அவ்வளவு பாடுபட்டுப் பூட்டியதை ஒரு விரலால் கெடுத்துவிட்டாள். போனை எடுத்து அவளுடைய பேரை அழுத்தப் போனான்.

அப்போது தூரத்தில் பிரவீனனுடைய எஞ்சின் சத்தம் நின்றது.

கையில் போனோடு அப்படியே நின்றான். ஏரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. பிறகு ஒரு வெடி. பனி முழுவதும் அவனுடைய பாதத்துக்குக் கீழே ஒருமுறை சிலிர்த்தது. எதிரே, வெடிப்பு இருக்கிற திசையில், தண்ணீர் ஆவி சாம்பல் நிறத்தில் எழும்பியது.

"பிரவீனன்!" என்று கத்தினான். அந்த வெளியில் குரல் ஒன்றிலும் முட்டாமல் போயிற்று. "முருகா, அவனைத் தா," என்றான். தன் வண்டியையும் கிளச்சையும் அவன் அப்போது நினைக்கவில்லை. கோயிலில்கூட அவன் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

ஆவி இன்னும் அகலமாக எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கடைசியில் ஒரு எஞ்சின் உறுமல் வந்தது. புள்ளி பெரிதாகி வண்டியாயிற்று. பிரவீனன் வந்து நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றினான். உதடு வெளுத்திருந்தது.

"ஏனடா திரும்பினாய்?"

"பின்னாலை பாத்தன், உன்னைக் காணேல்லை. நிப்பாட்டினன். நக்கலடிக்கப் படம் எடுப்பம் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு... நீ தனிய நிக்கிறாய், வண்டி எரிஞ்சாலும் ஒருத்தரும் இல்லையெண்டு திருப்பினன்." ஆவி எழும்பிய பக்கம் கையைக் காட்டினான். "திருப்ப வெளிக்கிடேக்கை வெடிச்சது மச்சான். போன கிழமை வெடிப்பு ஒரு ஆள் நீட்டு அகலம்தான். இப்ப உன்ரை வீட்டு ட்றைவ்வேயை விட அகலம். எந்தக் கிட் போட்டாலும் காணாது."

பிரவீனன் திறந்திருந்த மூடிக்குள் பார்த்தான்.

"என்னடா, ரத்தமே? கையை வெட்டிப்போட்டுதோ?"

"இல்லை. ரதி பொட்டு வைச்சிருக்கிறாள்."

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். போனை எடுக்கவில்லை. தன் வண்டிப் பெட்டிக்குள்ளிருந்து கயிற்றை எடுத்துக் குனிந்து, வாகீசனுடைய வண்டியின் முன்பக்கத்தில் கட்டினான். ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்தார்கள். பனியில் மயிரளவு கோடு ஒன்று அவர்களுக்குப் பக்கத்தாலேயே வந்துகொண்டிருந்தது. வாகீசன் அதைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்தான். கரையில் இரை விற்கிற பெண் ஆளுக்கொரு கடுதாசிக் கோப்பையில் சூடான கோப்பி கொண்டுவந்து தந்தாள். பிரவீனன் தலையைக் குனிந்து வாங்கினான்.

விட்பியில் கராஜ் கதவு திறந்தபோது ரதி அங்கேயே நின்றாள். எரிந்த றப்பரின் மணம் அவளுக்கும் பட்டிருக்கவேண்டும்.

"என்னப்பா, பழுதோ?"

பழுதாக்கினது நீர்தான் என்ற வார்த்தை அவனுடைய நுனிநாக்கில் நின்றது. உள்ளே நிலக்சி கதிரையை இழுத்தாள். அந்தச் சத்தத்துக்கு வாகீசன் திடுக்கிட்டுக் காலடியைப் பார்த்தான். சீமெந்துத் தரை. சும்மா சீமெந்துத் தரைதான்.

"உந்தப் புதுச் சாமான் பெறுமதியில்லை," என்றான். "பழையதையே போடப்போறன்."

"நான் பொட்டு வைச்சும்..."

"வைச்சபடியாலைதான் வந்து நிக்கிறன். ஆனால் ரதி, இனி வெளியாலை வையும். முன்னுக்கு, எல்லாரும் பாக்கிற இடத்திலை."

"பிரவீனன் அண்ணா படம் எடுத்துப் போடுவாரே?"

"போடட்டும்," என்றான் வாகீசன்.