பேச்சியம்மா அள்ளிப்போட்ட கொழுந்து

1

நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பதின்மூன்று வருடம் தள்ளிப்போட்ட நன்றி. கதையாக்கினால் சுலபம் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி.

முதல் தொடக்கம்: 'ஐம்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்தபோது டிக்கோயா மலைகளில் பனி...' (அடித்துவிட்டேன். பனிக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: விலை விழுந்த செய்தி எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணிக்கும் எங்களுக்கும் ஒரே நாளில்தான் வந்தது. வேலை வாரத்துக்கு மூன்று நாளானது. நாங்கள் பசுவை விற்றோம், அவர் வாங்கினார். விலை மறுபடி ஏறியபோது அவர் தொழுவத்தில் ஏழு பசு, எங்கள் லயத்து வீடுகளில் ஒன்றுகூட இல்லை. (கட்டுரை வாடை அடிக்கிறது. அடிக்கட்டும்.)

2

அந்த வருடம்தான் என் அம்மா பூரணி காய்ச்சலோடு கொழுந்தெடுத்தாள். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மூன்று அரைப்பேர் விழுந்தால் வேலை இல்லை என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு. அவள் வேலை போனால் என் படிப்பும் போகும்.

நிறுவைக்குப் போகிற வழியில், பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டாள்.

"வேணாங்கக்கா, ஒங்களுக்குக் கொறஞ்சிரும்."

"எனக்கு நெறைய இருக்கு புள்ள. பேசாம நட."

அம்மாவுக்கு முழுப்பேர். பேச்சியம்மாவுக்கு அரைப்பேர், அது அவளுக்கு மூன்றாவது என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கூடையைத் தூக்கியே எத்தனை இறாத்தல் எடை என்று சொல்லிவிடுகிறவள் பேச்சியம்மா. அப்படியானால் தெரிந்தே...

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை.)

கொழுந்து கொடுத்ததைச் சொன்னால் அம்மாவையும் நிறுத்திவிடுவார்கள். பேச்சியம்மா வாயே திறக்காமல் வேலையை இழந்தாள்.

3

நான் தலவாக்கலையில் வாத்தியாரானேன். மாதம் தவறாத சம்பளம். பேச்சியம்மா டயகமவில் மகளோடு இருக்கிறாள்.

முடிவு அ: பட்டுச்சேலையோடு போகிறேன், அவள் அழுகிறாள். (பொய். நான் இன்னும் போகவே இல்லை.)

முடிவு ஆ: அவள் இறந்துவிட்டாள். (இதுவும் பொய். எனக்கு வசதியான பொய்.)

நடந்தது இதுதான். போன வாரம் அவள் மகள் நாகலெட்சுமி, அரிசிக் கூப்பனுக்கு மனு எழுத என்னிடம் வந்தாள். மனுவுக்காக அம்மா பெயரைக் கேட்டபோதுதான் அவள் யாரென்று எனக்குத் தெரிந்தது; நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"நீங்க படிக்கலியாம்மா?"

"எங்கம்மா சரியா கொழுந்தெடுக்காம வேலைய விட்டுட்டாங்க சார். அதுல எங்க படிக்கிறது? இன்னைக்கும் அவங்களத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

மனுவை எழுதிக் கொடுத்தேன்.

பேச்சியம்மா, நான் சாப்பிடுகிற சோறு உங்களுடையது. இதை உங்கள் வீட்டில் வந்து சொன்னால் உங்கள் மகளுக்கு உண்மை தெரிந்துவிடும். நீங்கள் அவளிடம்கூடச் சொல்லாத உண்மை.

ஞாயிறு காலை டயகம பஸ்ஸில் நான் ஏறுவது நிச்சயம். நாகலெட்சுமி கதவைத் திறந்ததும் நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள், வாசகரே.