நாத்தனாருக்கு எடுத்த கோட்டு

நாற்பத்தொரு வயதில், நூற்றுப் பத்து கிலோ எடையில் இருக்கும் ஒருத்தியைக் குட்டி என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பிறந்தபோது வைத்த செல்லப் பெயர். பள்ளிக்கூடம் வரை கூடவே வந்து, கல்யாணத்தோடு புகுந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கூப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் யாராவது திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கண் போகும்.

குட்டிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. மேஜை நல்ல உயரம். உட்கார்ந்துவிட்டால் தோளுக்குக் கீழே எதுவும் வெளியே தெரியாது. அந்த மேஜைக்காகவே பதினொரு வருஷமாக அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது பொய்யில்லை. கூடத்தில் கடைசி நோயாளி எழுந்து போகும்வரை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

துணிதான் அவளுக்குப் பெரிய பாடு. புதுத்துணிக் கடைகளில் அவள் அளவுக்கு என்று ஒதுக்கியிருப்பது கடைசி மூலையில் ஒரே ஒரு கம்பி. அதில் தொங்குபவை கூடாரத்துக்குக் கை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும், விலையோ யானை விலை. ஆகவே மூன்று பஸ் நிறுத்தம் தாண்டி, தெரிந்தவர் யாரும் வராத ஒரு தெருவில், பழைய துணிக்கடை ஒன்றைக் கண்டுபிடித்தாள். முதல் நாள் ஒரு பெரிய சட்டையை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"யாருக்கும்மா?"

கண்ணிருக்கிற எவருக்கும் பதில் தெரிந்த கேள்வி. ஆனால் குட்டியின் வாய் தானாகவே முந்திக்கொண்டது. "எங்க நாத்தனாருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் பூசணிக்காயாகவே நின்றுகொண்டு, பூசணிக்காய் வீட்டில் இருக்கிறது என்றாள். கடைக்காரம்மா நல்ல மனுஷி, நம்பிவிட்டாள்.

அந்தக் கடையின் மாடியில் மாதக் கடைசிச் சனிக்கிழமை துணி மாற்றிக்கொள்ளக் கூடுவார்கள். பெருத்த உடம்புக்காரப் பெண்கள் மட்டும். ஒன்று கொண்டுவந்தால் ஒன்று எடுத்துப் போகலாம், காசு கிடையாது. ஒரே ஒரு சட்டம்: எடுப்பவள் அங்கேயே போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். சரியாக உட்காரவில்லை என்றால் கூட்டமே சொல்லிவிடும், "கழட்டு, இன்னொருத்திக்கு ஆகும்." பொருத்தமாக இருந்தால் கை தட்டுவார்கள். துணி வீணாகப் போகக் கூடாது என்பதற்காக வந்த சட்டம்.

அந்தச் சுற்றைச் சுற்றக் குட்டி தயாராக இல்லை. எனவே நாத்தனாரைக் கட்டிலில் படுக்கவைத்தாள். "அவங்களால படி ஏற முடியாது. என்னை மாதிரி ரெண்டு மடங்கு. வெளியவே வர மாட்டாங்க, கண்ணாடியப் பாத்தாலே அழுவாங்க." கூட்டம் உச்சுக்கொட்டியது. உச்சுக்கொட்டியதும் இவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கட்டிலயே ரெண்டு தடவை மாத்திட்டோம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு நிமிஷம் தானே ஒல்லியாகிவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. அதை நினைத்துப் பின்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கப்பட்டாள், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நிஜமான நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. மாடி வீட்டில் இருக்கிறாள், படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள்.

பொய்யிலும் ஒரு சிக்கல் இருந்தது. நாத்தனாருக்கு என்று கூட்டம் எடுத்து வைத்ததெல்லாம் இருப்பதிலேயே பெரிய துணிகள். அவை குட்டிக்கே தொளதொளவென்று தொங்கின. வாங்கி வந்து, இரண்டு பக்கமும் வெட்டி, பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். தனக்கு நேராக ஒரு துணி கேட்க வாயில்லாதவள், கத்தரிக்கோலை எடுத்தாள்.

அப்படி வந்ததுதான் கருநீலக் கோட்டு. நல்ல கம்பளித் துணி, உள்ளே வழுவழுவென்று பட்டு மாதிரி ஒரு அடித்துணி. அன்றைக்கு அதை எடுத்தவள் டிரைவரக்கா. பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள், அந்தக் கூட்டத்திலேயே பெரிய உடம்பு, பெரிய குரல். போட்டுக்கொண்டு ஒரு சுற்றுக்கு மூன்று சுற்று சுற்றினாள். தோளில் அப்படியே உட்கார்ந்தது. பட்டன் போட்டும் இழுக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்ததும் அவள் குட்டியைப் பார்த்தாள், கோட்டைக் கழற்றினாள்.

"இந்தா தங்கச்சி, உன் நாத்தனாருக்குக் கொண்டு போ. எனக்கென்ன, வண்டிக்கு யூனிஃபார்ம் இருக்கு. நல்லதா ஒண்ணு இருந்தா அந்தம்மா வெளிய வருவாங்க இல்ல."

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தைதானே. குட்டி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பக்கத்துக்கு நாலு விரல் அகலம் வெட்டி, வெட்டின துண்டில் அடுப்பு மேடையைத் துடைத்தாள். கோட்டை ஒரே ஒரு முறை கதவைத் தாழிட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். அழகாக இருந்தது. வெளியே போட்டுப்போகத் தைரியம் வரவில்லை. அலமாரியில் மாட்டிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி மேஜையில் இருந்தபோது டிரைவரக்காவின் போன்.

"தங்கச்சி, ஒரு உதவி. புது டிரைவருங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்காணல். பத்தொன்பது வருஷமா உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே போச்சு, இது கிடைச்சா சீட்ட விட்டு எறங்கிடுவேன். அந்தக் கோட்ட ஒரே ஒரு நாள் உன் நாத்தனார்கிட்ட கேட்டுப் பாரேன். அலுங்காம குலுங்காம திருப்பிக் குடுத்துடறேன்."

"கேட்டுச் சொல்றேங்க்கா" என்றாள் குட்டி. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அன்று பல்வலிக்காரர் மூன்று பேரை வரிசை மாற்றி உள்ளே அனுப்பி டாக்டரிடம் திட்டு வாங்கினாள்.

மறுநாள் அவளே போன் செய்தாள். "கேட்டேங்க்கா. தர மாட்டேங்கறாங்க. பிடிவாதம்."

கோபப்பட்டிருந்தால் தேவலை. டிரைவரக்கா, "சரி விடு. பாவம், அவங்களுக்கு இருக்கறதே அது ஒண்ணு. நீ அதுக்காக அவங்களத் திட்டாத" என்றாள்.

அந்தப் பாவம் என்ற சொல் குட்டியைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கோட்டைச் சுருட்டிக்கொண்டு நாத்தனாரின் மாடி வீட்டுக்குப் போனாள். நாத்தனாரிடம்தான் தையல் மெஷின் இருந்தது, பள்ளிக்கூட அணிப் பிள்ளைகளின் பனியனுக்கு எண் வைத்துத் தைப்பாள். கோட்டைப் புரட்டிப் பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினாள்.

"எந்தப் புண்ணியவதி இப்படி வெட்டினது? உள்ள துணி விட்டுப் பிடிச்சிருந்தா இப்ப பிரிச்சு விட்டுடலாம். யாருக்கு இது?"

குட்டி சொன்னாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், கட்டில் மாற்றிய கதை உட்பட. சொல்லும்போது கழுத்து வரை சூடேறியது. தலையைத் தூக்கவே இல்லை.

நாத்தனார் சிரித்துவிடுவாள் என்று நினைத்தாள், அவள் சிரிக்கவில்லை. "என்னைக் கட்டில்ல போட்டத விடு" என்றாள் மெதுவாக. "நான் அழுவேன்னு சொன்னியே. அது யாரு, நீயா?"

குட்டி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அழுது முடிச்சிட்டு இந்த நுனியப் பிடி. ரெண்டு பக்கமும் கருப்புல பட்டி வச்சு அகலம் பண்ணிடலாம். வேணும்னே வச்ச மாதிரிதான் இருக்கும். மொதல்ல அந்தக்காவுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிடு, நாளைக்குக் கோட்டு வருதுன்னு."

"காலைல நேரா கொண்டு போய்க் குடுத்துடறேன் அண்ணி."

"இப்பவே சொன்னா அவங்க நிம்மதியா இருப்பாங்க இல்ல."

"காலைல போறேன் அண்ணி."

போன் பண்ணினால் டிரைவரக்கா, 'நாத்தனார்கிட்ட குடு, ஒரு வார்த்தை நன்றி சொல்லிடறேன்' என்பாள். அதற்குப் பயந்துதான் குட்டி போனைத் தொடவில்லை. காலையில் வாசலில் வைத்து, 'மனசு மாறிட்டாங்கக்கா' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஒரு பொய்யை மூடத் துணி தைக்கும்போதே இன்னொரு பொய்க்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள், அவளை என்ன சொல்வது.

வியாழன் காலை எட்டு மணிக்கு டிரைவரக்கா வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தாள். "டூட்டிக்குப் போயிட்டாளே."

"இன்னிக்கு லீவு இல்லையா?"

"லீவுன்னுதான் சொன்னா. அப்புறம் கெளம்பிப் போயிட்டா."

குட்டி நிறுத்தத்துக்கு வந்து பதினேழாம் நம்பருக்காக நின்றாள். வந்த மூன்றாவது வண்டியில் டிரைவரக்கா இருந்தாள். யூனிஃபார்ம் சட்டைக்கு மேலே ஒரு துண்டைப் போர்த்தி மாரை மறைத்திருந்தாள். இதற்கு முன் அப்படிப் போர்த்தி அவளை யாரும் பார்த்ததில்லை. குட்டி ஏறி, டிக்கெட் வாங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தாள். வண்டி காலியானபோது மணி பத்தே முக்கால்.

"என்ன தங்கச்சி, வழி தவறி வந்துட்டியா?" டிரைவரக்கா சீட்டிலிருந்து திரும்பினாள்.

"நீங்க ஏன் போகலக்கா?"

"அட, அதா. நேத்து சாயங்காலம் இருக்கற சட்டையெல்லாம் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு பட்டனும் வாயத் திறந்துக்கிட்டு நின்னுது. மேஜைக்கு அந்தப் பக்கம் அஞ்சு பேர் உட்கார்ந்து அதையே பாப்பாங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, எனக்கு இப்படியெல்லாம் தோணாது. ஆனா எதிர்ல இருக்கறவங்களப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சேன் பாரு, நிறுத்தவே முடியல. காலைல ஆறு மணிக்குத்தான் போனப் போட்டு வரலன்னு சொன்னேன். ராத்திரி படுக்கற வரைக்கும் போறதாத்தான் இருந்தேன்."

ராத்திரி படுக்கும் வரைக்கும். குட்டிக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். அண்ணி தலைபாடாக அடித்துக்கொண்டாளே.

'மனசு மாறிட்டாங்கக்கா' என்ற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. இப்போதுகூட அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் டிரைவரக்கா நம்புவாள், வீட்டில் இருக்கும் அந்தம்மாவுக்கு நன்றி சொல்லி அனுப்புவாள். அதை வாங்கிக்கொள்ளக் குட்டிக்குக் கை வரவில்லை.

"நாத்தனார்னு யாரும் கட்டில்ல இல்லக்கா" என்றாள். "நான்தான். எல்லாத் துணியும் எனக்குத்தான் எடுத்தேன். எல்லாரும் பாக்க சுத்திக் காட்ட வெட்கமா இருந்துச்சு. இதையும் நான்தான் வெட்டினேன். நேத்துதான் ஒட்டுப்போட்டோம்."

டிரைவரக்கா கோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பக்கவாட்டில் வைத்த கருப்புப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். துண்டை எடுத்துக் கம்பியில் போட்டுவிட்டு எழுந்து நின்று போட்டுக்கொண்டாள். தோள் சரியாக உட்கார்ந்தது. ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள், எதுவும் இழுக்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் தன்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், அப்படி இருந்தாள். குட்டிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால், கன்னத்தில் ஒன்று வைத்தால்கூட வாங்கிக்கொள்ளலாம்.

அவள் பட்டன்களை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டை நாலாக மடித்தாள். குட்டியின் மடியில் வைத்தாள்.

"உன் நாத்தனாருக்கே குடுத்துடு" என்றாள். குரலில் கோபம் இல்லை, பழைய சத்தமும் இல்லை. "வெளிய போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு. அதுக்குத்தான் குடுத்தேன்."

ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். டிரைவரக்கா துண்டை எடுத்துப் பழையபடி மாரில் போர்த்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினாள்.

"சொல்றேங்க்கா" என்றாள் குட்டி, அப்போதும்.