அம்பாவுக்கு மறுமொழி

கரைவலையின் இரண்டு கயிறுகளும் கோணல்மாணலாய்க் கரையேறுவதைக் கண்டதும் மக்தலேனா மீன் கடகத்தைக் கீழே வைத்தாள். வடக்குப் பக்கத்தார் இழுத்துக்கொண்டு முந்திவிட்டார்கள். தெற்குப் பக்கத்தார் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். வலையின் பை போன்ற மடி சரிந்தால் மீன் சும்மா இருக்குமா? அதற்கும் உயிர்மேல் ஆசை உண்டு. இன்றைக்கும் பாதி மீன் வந்த வழியே போய்விடும்.

இழுவையை ஒன்றுசேர்க்கிற அம்பாப் பாட்டைப் பாட ஆளில்லை, அதுதான் சங்கதி. அவள் புருஷன் சூசைப்பிள்ளை இருந்தவரை, கயிற்றைப் பிடித்தபடியே அவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். அத்தனை பேரும் ‘ஏலேலோ’ என்று ஒன்றாகப் பின்னால் சாய்வார்கள். விடியமுன் வலையேற்றப் போகிற மனிதர், பின்னேரம் கூரைக்குக் கிடுகு கட்டுவார், நடுவில் மகள் ஷானிகாவின் பள்ளிக்கூட நாடகத்துக்கு மீசையும் செய்து கொடுப்பார். வாயும் ஓயாது, கையும் ஓயாது. பாட்டில் அவரிடம் தப்பியவர்கள் குறிஞ்சிப்பிட்டிக் கரையில் யாருமில்லை. வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி அல்பிரட்டின் வழுக்கை, பங்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் மேலாக மக்தலேனாவின் சமையல். அவள் கறி வைத்தால் காகமும் ஊரைவிட்டுப் போகுமாம். அவளுக்கு வெட்கத்தில் மண்ணுக்குள் புதையலாம் போலிருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தால் அதே மனிதர் கருகின சட்டியை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்பார். பிறகு கோபம் எங்கே நிற்கும்?

நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை, கரையோர வாடிக் கொட்டிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரமுன்னரே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து, செத்த வீட்டுக்கு மரியாதை என்று கரை வாயை மூடிக்கொண்டு வலை இழுத்தது. மரியாதை நல்லதுதான். வலைக்கு அது விளங்கவில்லை.

அல்பிரட் அவளிடம் வந்தான். “அக்கா, இனி இப்பிடி ஏலாது. திங்கட்கிழமை ட்ரக்டர் எடுக்கப் போறன். மெசின் இழுத்தா ஏழெட்டுப் பேரே காணும்.”

“மிச்ச ஆக்கள்?”

அவன் தெற்குக் கயிற்றில் நின்ற அவள் மகனைக் கூப்பிட்டான். “றொபி, நீயாவது பாடன்டா!”

“அப்பா போய் வருசம் திரும்பல்ல. பாடினா ஊர் என்ன சொல்லும்?” என்றான் றொபி, தலையைத் தூக்காமல்.

அது அவள் சொல்லிக் கொடுத்த கதைதான். வீட்டில் ரேடியோவையும் துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்தவள் அவள். கயிற்றில் நின்றவர்களைப் பார்த்தாள். யாரை வேலையில்லை என்று அனுப்புவான் அல்பிரட்? யார் வீட்டில் அடுப்பு எரியாமல் போகும்? ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? பேசுகிறது பேசட்டும்.

கறுப்புச் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் போய் நின்றாள். பாடத் தெரியாது. ஆனால் அவருடைய பாட்டுக்கெல்லாம் சொல்லாமல் விழுங்கிய மறுமொழிகள் இத்தனை வருஷமாகத் தொண்டையில் கிடந்தன.

“கறி கருகிப் போச்செண்டு...”

கயிறுகள் நின்றுவிட்டன.

“கரைக்கெல்லாம் சொன்னவரே...”

வடக்கில் யாரோ பழக்கத்தில், “ஏலேலோ.”

“சட்டிய வழிச்சுத் திண்டது ஆர்?”

“ஏலேலோ!”

இரண்டு பக்கமும் ஒன்றாகச் சாய்ந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். கை மட்டும் இழுத்தது. அவளுக்கும் கண்ணீர் வழிந்தது. அந்த மனிதர்மேல் இருந்த ஆசையெல்லாம் ஏச்சாகவே வாயில் வந்தது. ட்ரக்டர் கதை சொன்ன அல்பிரட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கயிற்றில் கை வைத்தான்.

அவளுக்குச் சொல் தீர்ந்தது. கயிறு தளரப் பார்த்தது. அப்போது தெற்கிலிருந்து உடைந்த குரல் ஒன்று எழுந்தது:

“அம்மா பாட்டைக் கேட்ட மீனு...”

“ஏலேலோ!”

“காதப் பொத்திக் கரைக்கு வருது!”

கரை முழுக்கச் சிரித்தது. மடி சரியாமல், வாய் திறந்தபடி நேராக வந்துகொண்டிருந்தது. மக்தலேனா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, மகனுக்கு என்ன மறுமொழி பாடலாம் என்று யோசித்தாள்.