மடத்திலிருந்து திரும்பியவர்

தவக்காலத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, மத்தியான மணி அடித்ததும் ஆனிமேரியை மதர் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று வருஷமாகக் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தவள் அவள். இதுவரை மதர் அவளைத் தனியாகக் கூப்பிட்டதில்லை.

"உன் வீட்டுக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதிதர் கல்லூரியிலா படிக்கிறார்?" என்று மதர் கேட்டார்.

புராட்டஸ்டண்டுகாரர்களைக் கத்தோலிக்கர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1936ஆம் வருஷம்.

"ஆமா மதர். இன்டர்மீடியட் ரெண்டாம் வருஷம். வார மாசம் பரீட்சை."

"அங்கே வேதாகம வகுப்பு உண்டாமே. அவரும் போய் உட்காருகிறாரா?"

"ஆஜருக்காகப் போறாரு மதர்" என்றாள் ஆனிமேரி. வாரத்துக்கு இரண்டு நாள் அவள் கணவன் லூர்துராஜ் அந்த வகுப்பில் உட்கார்ந்துதான் வந்தான். உட்காராவிட்டால் ஆஜர் குறையும், ஆஜர் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

மதர் கோபப்படவில்லை. அதுதான் ஆனிமேரிக்கு இன்னும் பயமாக இருந்தது. "நீ பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு பெற்றோர் வந்து கேட்டுவிட்டார்கள். அவர் இன்னும் நம் சபைக்காரர்தான் என்று கோயில் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கி வா. குருத்து ஞாயிறுக்குள், இந்த நாலு வாரத்துக்குள் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு நான் வேறு ஆள்தான் பார்க்கவேண்டும்."

சாயங்காலம் ஆரப்பாளையத்துக்கு நடந்துவரும்போது வெயில்கூட அவளுக்கு உறைக்கவில்லை. ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வாடகை வீடு. வந்தவள் கூட்டினாள். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். அவளுடைய சம்பளம் நின்றால் அவனுடைய படிப்பும் நின்றுபோகும். லூர்துராஜ் விடிந்ததும் அச்சாபீசுக்குப் போய் புரூப் திருத்துவான். ஒன்பதரைக்கு அங்கிருந்து ஆற்றைக் கடந்து கல்லூரிக்கு ஓடுவான். அந்த வேலையில் வந்த காசு அவனுடைய புத்தகத்துக்கும் பீசுக்குமே சரியாக இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான்.

அவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். லூர்துராஜ் சட்டையைக் கழற்றாமலே நின்றான்.

"பங்குச் சாமியார் கொடைக்கானல்ல படுத்திருக்காரு. அவருக்குப் பதிலா இப்ப யாரு இருக்கா தெரியுமில்ல?"

"ஞானப்பிரகாசம் சாமி."

"நானும் அவனும் ஒரே பெஞ்சில உக்காந்து லத்தீன் படிச்சவங்க. அவன் முன்னாடி போய், சாமி கடிதம் குடுங்கன்னு நான் நிக்கணுமா? என்னால முடியாது மேரி."

லூர்துராஜ் ஏழு வருஷம் குருமடத்தில் இருந்தவன். இன்னும் நாலு வருஷம் இருந்திருந்தால் அவனும் சாமியார்தான். திடீரென்று ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்தான். எட்டு மாதத்தில் ஆனிமேரியைக் கல்யாணம் செய்துகொண்டான். லீவுக்கு வந்திருந்தபோது கோயில் பாட்டுக் குழுவில் அவளைப் பார்த்ததாகவும், அதன்பிறகு மடத்தில் மனசு ஒட்டவில்லை என்றும் எல்லோரிடமும் சொன்னான். அவளிடமும் அதைத்தான் சொன்னான்.

ஊர் அதைச் சும்மா விடவில்லை. "பாடிப் பாடியே ஒரு சாமியாரக் கவுத்துட்டா" என்றார்கள். அவனுடைய அம்மா சவேரியம்மாள், பிள்ளையை ஆண்டவருக்கு நேர்ந்துவிட்டவள். கல்யாணமான நாளிலிருந்து மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆனிமேரி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆண்டவரிடமிருந்து ஓர் ஆளைப் பிடுங்கி வந்துவிட்டோமே என்று பூசையில் பயந்துகொண்டிருப்பாள். ஆனால் தன்னைப் பார்த்ததற்காக ஒருவன் அவ்வளவையும் விட்டு வந்தானே என்ற பெருமையும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. அதை அவள் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவளே சாமியார் வீட்டுக்குப் போனாள்.

ஞானப்பிரகாசம் சாமி ஞானஸ்நானப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க எழுதிக்கொண்டிருந்தார். அவள் யாரென்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"லூர்து சம்சாரமா? உக்காருங்கம்மா. நான் வந்து மூணு மாசமாச்சு, அவன் ஒருநாளும் எட்டிப் பாக்கல. பூசை முடிஞ்சு நான் வெளிய வாரதுக்குள்ள ஓடிப்போயிருறான். எப்படி இருக்கான்? உடம்பு தேவலையா? வலிப்பு மறுபடி வந்துச்சா?"

"வலிப்பா?"

சாமியார் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் கறுத்தது. "அவன் உங்ககிட்ட... மன்னிச்சிருங்கம்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சு கேட்டுட்டேன்."

ஆனிமேரிக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாமி. அவரு மடத்த விட்டுத் தானா வந்தாரா, அனுப்புனாங்களா?"

அவர் திறந்திருந்த புத்தகத்தை மூடினார். "அனுப்பினாங்க. வலிப்பு உள்ளவங்களுக்குக் குருப்பட்டம் குடுக்கக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டம் இருக்கு. அவன் மேல எந்தக் குத்தமும் இல்ல. எங்க எல்லாரையும்விட அவன்தான் நல்லாப் படிச்சவன்."

கடிதத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வந்தது. கல்லூரி பிரின்ஸ்பாலிடம் வேதாகம வகுப்புக்கு விலக்கு கேட்டு ஒரு சீட்டு வாங்கி வந்தால் தானே கடிதம் எழுதித் தருவதாகச் சாமியார் சொன்னார். அவள் தலையாட்டினாள். பாதிதான் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆற்றுக்குப் போனாள். வைகை வறண்டு மணலாகக் கிடந்தது. வண்ணார்கள் வெளுத்த வேட்டிகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். அந்த வழியாகத்தான் லூர்துராஜ் ஐந்து மணிக்குத் திரும்புவான். உட்கார முடியாமல் மணலில் இங்கும் அங்குமாக நடந்தாள். கல்யாணமான முதல் வருஷம் ஒருநாள் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் மணலாக வந்து நின்றானே, வழுக்கி விழுந்துவிட்டேன் என்றானே. வறண்ட மணலில் எப்படி வழுக்கும் என்று தான் ஏன் கேட்கவில்லை?

அவன் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தான். "என்னாச்சு? ஏன் இங்க நிக்கிற?"

"சாமியார்கிட்ட போயிட்டு வாரேன். ஒங்களுக்கு வலிப்பு தேவலையான்னு கேட்டாரு."

அவன் கையிலிருந்த புத்தகங்களை மணலில் வைத்தான். வைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எம்புட்டு தடவ வந்துச்சு?" என்றாள்.

"மடத்துல ரெண்டு தடவ. ரெண்டாவது, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கப்ப. முழிச்சுப் பாத்தா நூறு பேரு சுத்தி நிக்கிறாங்க. மறுவாரமே ரயில் ஏத்தி விட்டாங்க. அப்புறம் ஒருதடவ இங்கயே, இந்த மணல்ல. அதுக்குப் பெறகு வரல."

"என்னயப் பாத்துத்தான் வந்தேன்னு சொன்னீங்களே."

"ஒன்னயப் பாத்தது நெசம். பாட்டக் கேட்டதும் நெசம். அதுக்காக வந்தேங்கிறதுதான்..." அவன் முடிக்கவில்லை. "மேரி, பொண்ணுக்காக வந்தான்னா ரெண்டு நாள் பேசிட்டு விட்டுருவாங்க. காக்கா வலிப்புன்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? யாரு வேல குடுப்பா? அந்த நேரத்துல எனக்கு வேற வாயில வரல."

"ரெண்டு நாள் இல்ல. நாலு வருஷமாப் பேசுறாங்க. என்னயத்தான் பேசுறாங்க. ஒங்கள இல்ல."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுவதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. இரக்கம் வந்தது. ஆனால் கோபம் அதைவிட அதிகமாக வந்தது. அந்த இரண்டுக்கும் அடியில் இன்னொன்று வலித்தது. தனக்காக யாரும் எதையும் விட்டு வரவில்லை என்பது.

"சொல்லியிருந்தாலும் நான் கட்டியிருப்பேன்" என்றாள். சொன்னபிறகு அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறோம். அத்தைகிட்ட ஒங்க வாயால சொல்லணும்."

அந்த மூன்று நாளும் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். அவன் தூங்கும்போது மூச்சு மாறினால் அவள் விழித்துக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது, இப்போது அவன் எங்கே இருப்பான், ஆற்றிலா அச்சாபீசிலா என்று மனசு அலைந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் திருமங்கலம் பஸ்ஸில் ஏறிக் கப்பலூரில் இறங்கினார்கள். அங்கிருந்து சோளத்தட்டை நின்ற காட்டு வழியே ஒன்றரை மைல் நடந்தால் சவேரியம்மாளின் ஊர். கிழவி புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். மகனுக்குப் பாய் போட்டாள். மருமகளைப் பார்த்து, "வா" என்றதோடு சரி.

லூர்துராஜ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வலிப்பு, சாப்பாட்டு அறை, ரயில் எல்லாம். "இவளுக்காக நான் வரலம்மா. இவளுக்கு இது போன புதன்கிழமை வரைக்கும் தெரியாது. நான்தான் பொய் சொன்னேன்."

சவேரியம்மாள் கையிலிருந்த புளியைக் கீழே வைக்கவேயில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"இவ சொல்லச் சொன்னாளாக்கும்" என்றாள்.

"அம்மா, சத்தியமா..."

"ஏழு வருஷம் மடத்துல இருந்த பய, நோஞ்சான்னு ஒரு பேரு வாங்கிக்கிட்டாவது பொண்டாட்டியக் காப்பாத்தணும்னு வந்து நிக்கிறியா? எம் பிள்ளைக்கு ஒரு நோயும் கெடையாது. சின்னதுல ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல."

அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கிழவி உள்ளே எழுந்துபோய் மகனுக்கு மட்டும் மோர் கொண்டுவந்தாள். அவன் அந்தச் செம்பை வாங்கி அப்படியே ஆனிமேரியின் கையில் கொடுத்தான். அவள் குடித்தாள். மாமியார் தடுக்கவில்லை. அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

திரும்பும்போது பஸ் வர நேரமாயிற்று. ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார்கள்.

"நம்பல" என்றான் அவன்.

"நம்பாட்டி போகட்டும். நீங்க சொன்னீங்கல்ல. எனக்கு அது போதும்." அது போதுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஆனாலும் புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இடம் மாறியிருந்தது.

மறுநாளே லூர்துராஜ் பிரின்ஸ்பாலைப் போய்ப் பார்த்தான். அந்த வெள்ளைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இரண்டு வருஷம் கழித்தா மனச்சாட்சி விழித்தது?" என்று சிரித்தார். மீதியிருந்த இரண்டு வாரமும் வேதாகம வகுப்பு நேரத்தில் லைப்ரரியில் உட்காரலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை லூர்துராஜ் தானே சாமியார் வீட்டுக்கு எடுத்துப்போனான். ஆனிமேரி கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டான். ஒரு மணிநேரம் ஆகியும் திரும்பாததால் அவள் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நாலு நடை நடந்தாள். கடைசியில் வந்தான். கண் சிவந்திருந்தது, கையில் கடிதம் இருந்தது.

"எம்புட்டு நேரம்! என்ன பேசுனீங்க?"

"லத்தீன் வாத்தியார் இன்னும் மூக்குப்பொடி போடுறாரான்னு கேட்டேன். போடுறாராம்" என்றான்.

மதர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார்.

பரீட்சை வந்தது. முதல் நாள் ஆனிமேரி பள்ளிக்கூடத்தில் இருக்கவே முடியவில்லை. மத்தியானத்துக்குமேல் லீவு சொல்லிவிட்டு ஆற்றைக் கடந்து கல்லூரி வாசலுக்குப் போய் நின்றாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். உள்ளே யாராவது ஓடினால் திக்கென்றது. நாற்காலி விழும் சத்தம் கேட்டதாக இரண்டுதரம் நினைத்தாள். காவல்காரன் மூன்று முறை யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டான். அவள் மூன்று முறையும் யாரையுமில்லை என்றாள்.

மணி அடித்ததும் பையன்கள் கும்பலாக வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் லூர்துராஜ் வந்தான். அவளைப் பார்த்ததும் திகைத்துவிட்டான்.

"நீ எதுக்கு வந்த?"

"சும்மாதான். விழுந்துருவீங்களோன்னு."

"பரீட்சை ஹால் சூப்பர்வைசர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கு, விழுந்தா பயந்துராதீங்க, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுருவேன்னு." சொல்லிவிட்டு அவன் வெட்கத்தோடு சிரித்தான். "அவரு என்னய சன்னலோரம் காத்து வார எடத்துல உக்கார வச்சாரு."

ஆனிமேரி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். அழுகை வந்துவிடும்போல இருந்ததால், "பசிக்குதா?" என்று கேட்டாள்.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. இங்கிலீஷில் பாஸ். லத்தீனில் கல்லூரியிலேயே அவன்தான் முதல். தர்க்கத்தில் மூன்று மார்க் குறைந்து பெயிலாகியிருந்தான்.

"மடத்துல ரெண்டு வருஷம் தர்க்கம்தானே படிச்சீங்க?" என்றாள்.

"அதான் கஷ்டம். இங்க பாடம் வேற, அங்க படிச்சதயே எழுதித் தொலச்சுட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவ்வளவு சத்தமாகச் சிரித்து வெகு காலமாகிவிட்டது. அவனும் கூடச் சிரித்தான். பிறகு, அவன் மறுபடி எழுதவேண்டிய செப்டம்பர் பரீட்சைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று இருவரும் காலண்டர் முன்னால் நின்று எண்ணத் தொடங்கினார்கள்.