மூன்று மாத்திரை குறைகிறது

சைக்கிள் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் முழுவதும் அவள் பொறுப்பு. ஒரு திருகாணி வெளியே போகவேண்டும் என்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். முதலாளியே வந்து தலைகீழாக நின்றாலும் சீட்டு இல்லாமல் சாமான் நகராது. வீட்டில் அவள் கணவர் அவளை 'ஆபீசர்' என்பார். அதையும் அவள் அடுப்படியில் இருக்கும்போது, குரலைத் தணித்துத்தான் சொல்வார்.

கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எத்தனையோ மாடி ஏறி இறங்கிய மனுஷன், தரைத்தளத்தில் நாலடி ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த அம்மா முப்பது மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தார். "இது கடுமையான வலி மாத்திரை. எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. பூட்டி வைங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. பழகிட்டா விடறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, "அதுக்காகப் பயந்துகிட்டு இவருக்குக் குறைச்சுடாதீங்க" என்றும் சொன்னார். ஆபீசருக்கு 'பழகிட்டா' என்ற இடத்திலேயே காது அடைத்துவிட்டது. எந்த அலமாரி, எந்தப் பூட்டு என்று மனசு ஓட ஆரம்பித்தாயிற்று.

முதல் இரண்டு நாள் லீவு போட்டு, சொன்னபடி கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிடுச்சு!"

"என்னது ஆரம்பிச்சுது?"

"மாத்திரை உங்களைக் கூப்பிடுது."

"மாத்திரை எங்க கூப்பிடுது? காலுதான் கத்துது!"

அன்றிலிருந்து வேளைக்குப் பாதி மாத்திரைதான். கத்தியால் சரிபாதியாக வெட்டி, மீதிப் பாதியைக் காகிதத்தில் மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அவள் வேலைக்குப் போனபிறகு மத்தியானம் வந்து மாமாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டாள். தம்பி டெலிவரி வேன் ஓட்டுபவன். மதியம் இரண்டு மணி நேரம் அவனுக்கு ஓய்வு. சாவியை அவனிடம் கொடுத்து, "பாதிதான், ஒரு துகள்கூட அதிகம் போகக்கூடாது" என்று மூன்று தடவை சொன்னாள்.

கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவரோ கட்டிலை விட்டு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் முறைக்க முறைக்க அவளுடைய சந்தேகமும் வளர்ந்தது.

ஆறாம் நாள் ராத்திரி, கடைசி வேளையும் கொடுத்துவிட்டு இருப்பைச் சரிபார்த்தாள். பழக்கதோஷம். முழுசாகப் போனவை ஆறு, பாதி பாதியாகப் போனவை சேர்த்து ஆறு. பதினெட்டு இருக்கவேண்டும். திரும்பத் திரும்ப எண்ணினாள். பதினைந்துதான் இருந்தது.

"மூணு எங்க?"

"என்னைக் கேட்டா? நான் கழிப்பறைக்குப் போறதுக்கே ஆள் தேடறேன். அலமாரிக்கு எப்படிப் போவேன்?"

"தம்பிகிட்ட கெஞ்சி வாங்கியிருப்பீங்க."

அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிண்டல் பேசாமல் ஒரு வேளைகூட இருந்தறியாதவர் அப்படித் திரும்பிக்கொண்டது அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாக மருந்தகத்தில் போய் நின்றாள்.

"இந்த மாத்திரையே வேணாம்மா. வீட்டுக்காரர் அடிமையாயிட்டார்."

மருந்தகத்து அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு நிதானமாகக் கேட்டார். எத்தனை கொடுத்தாள், எப்போது கொடுத்தாள், எல்லாம். பாதி என்றதும் உச்சுக்கொட்டினார்.

"நடக்கறாரா?"

"எங்க நடக்கறார்? படுத்தே கிடக்கறார்."

"முதல் ரெண்டு நாள்?"

அவள் யோசித்தாள். முதல் இரண்டு நாள் வாசல்வரைக்கும் போய்வந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வம்பளந்துவிட்டுக்கூட வந்தார்.

"இது மாத்திரைக்கு அலையறது இல்லம்மா. வலி தீரல, அதனால கேக்கறார். காலை உடைச்சுகிட்டவர் கேக்காம என்ன செய்வார்? இப்படியே படுத்திருந்தா காலு மடங்காமப் போயிடும். நான் டாக்டர்கிட்ட பேசறேன். எழுதினபடி மூணு நாள் முழுசாக் குடுங்க. அப்புறம் டாக்டரே படிப்படியாக் குறைப்பார். குறைக்கற வேலையை எங்ககிட்ட விட்டுடுங்க."

"அப்ப அந்த மூணு மாத்திரை?"

"உங்க வீட்ல வேற யாருக்காவது வலி இருக்கா?"

போன வாரம் வேனிலிருந்து இறங்கும்போது தம்பி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றது அவள் கண்முன் வந்தது. ஸ்டோருக்குப் போன் போட்டு லீவு சொன்னாள்.

மத்தியானம் தம்பி வந்ததும் கதவைச் சாத்தினாள். "நீதானே?"

அவன் மழுப்பக்கூட இல்லை. "முதுகு உயிர் போகுதுக்கா. மூட்டை தூக்கித் தூக்கி... மாமாவுக்கே நீ பாதிதான் குடுக்கறே, அப்ப மிச்சம் விழும்தானேன்னு... மூணு நாள் மத்தியானத்துல ஒண்ணொண்ணு போட்டுகிட்டேன்."

"போட்டுகிட்டு வண்டி ஓட்டினியா?"

அவன் தலை குனிந்தான். "நேத்து சிக்னல்ல கண்ணு செருகிடுச்சு. பின்னாடி ஹாரன் அடிச்சப்பத்தான் முழிச்சேன். முன்னாடி ஸ்கூல் பசங்க ரோட்டைக் கடந்துகிட்டு இருந்தாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கையை நீட்டி வேன் சாவியை வாங்கிக்கொண்டாள். "கிளம்பு, டாக்டர்கிட்ட."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஆபீசர், போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு. முழுசா."

அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீர் டம்ளரை அவர் திருப்பித் தரும்போது, "நம்பாமப் போயிட்டேங்க" என்றாள். "பரவால்ல போ. உன் ஸ்டோர்ல வேலை பாக்கறவங்க பாடு எனக்கு இப்பப் புரிஞ்சுது" என்றார் அவர்.

டாக்டர் தம்பியின் முதுகை அழுத்திப் பார்த்தார். தசைப்பிடிப்புதான். சாதாரண மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், சில பயிற்சிகள், இரண்டு வாரம் மூட்டை தூக்கக்கூடாது. "வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். தம்பி இரண்டு வாரமும் டெலிவரி ஆபீசில் உட்கார்ந்து முகவரிச் சீட்டு ஒட்டினான். ஒட்டுவதும் வலிக்கிறது என்று தினமும் போன் செய்தான்.

கணவர் மறுநாளே எழுந்தார். மூன்றாம் நாள் வாக்கரோடு அடுப்படிவரை வந்து குழம்புக்கு உப்புப் போதவில்லை என்றார். டாக்டர் அளவைக் குறைத்து, பிறகு சாதாரண மாத்திரைக்கு மாற்றியபோது இரண்டு நாள் முனகினார், சமாளித்தார். கடுமையான மாத்திரையில் நாலு மிஞ்சியது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட இருவருமே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மருந்தகத்து அம்மா எண்ணி வாங்கிக்கொண்டு, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா நான் சொன்னா இப்ப வீட்ல நம்பறாங்க" என்றார் அவர்.

அவள் பர்ஸிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "நாலு மாத்திரை திருப்பிக் குடுத்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுத் தாங்கம்மா."