நடுவுல வச்சேண்ணே

சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் அந்தப் பேருந்து நிலையத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச முடியாது. முதலில் ஒரு கார் உறுமும். பிறகு எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கழுத்தை நெரித்ததுபோல் கதறும். அதற்குப் பின்னால் டிரம் சத்தம். அத்தனைக்கும் மேலே ஏறி ஒருவன் கத்துவான்: "வணக்கம் மதுரை! இது ஓவர்டேக்! வழிய விடு, வழிய விடு!"

இது அரசாங்க ரேடியோ இல்லை. பேருந்து நிலையத்துக்கென்று நடந்த விளம்பர ஒலிபரப்பு. டீக்கடை மாடியில் ஒரு கண்ணாடி அறை, அங்கிருந்து கம்பி இழுத்துத் தூணுக்குத் தூண் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள். ஜனங்கள் அதைக் குழாய் ரேடியோ என்றார்கள். பல்பொடி, லாட்டரி, ஜவுளி என்று தூங்கி வழிந்துகொண்டிருந்ததை எண்பத்து மூன்றாம் வருஷம் சிவசங்கரன் வந்து தலைகீழாக்கினான். தெற்காவணி மூல வீதி வக்கீல் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் இருந்த அண்ணன் அனுப்பிய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தான். சொந்தமாக ஒரு பழைய சிவப்பு ஹெரால்டு கார். தினமும் அதைக் கீழே நிறுத்தி, மாடியிலிருந்து மைக்கை பானெட்டுக்குத் தொங்கவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிப்பான். நிகழ்ச்சியின் ஆரம்ப உறுமல் அதுதான். அப்புறம் ஒரு ஆங்கிலப் பாட்டு, கார்களைப் பற்றி அரட்டை, இன்னொரு பாட்டு, கடைசியில் சின்னானோடு காமெடி. சின்னான் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் போட்டவன். வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

டிரைவர்களுக்கு அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். ஐந்து மணிக்கு டீக்கடை வாசலில் காக்கிச் சட்டைகளாக நிற்கும்.

அந்தக் குழாய்களில் ஒன்றுக்கு நேர் கீழேதான் பாண்டியம்மாள் வெள்ளரிப்பிஞ்சுக் கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் இடம். அவளுடைய புருஷன் நல்லகாமன் பச்சை வண்டி டிரைவர். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் ஓடும் தனியார் பேருந்து அது. நிலையத்துக்குள் நுழையும்போது டிரைவர் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்குவான். பாண்டியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முதல் ஆளாக அந்த ஜன்னல்களில் விற்பாள்.

இப்போது பச்சை வண்டி வருகிறது, போகிறது. ஓட்டுவது மொக்கையன். நல்லகாமன் செக்கானூரணியில் வீட்டுக்குள் கட்டிலில் கிடக்கிறான், இடது முழங்கால் நொறுங்கிப்போய்.

நடந்தது இதுதான். உசிலம்பட்டிச் சந்தை நாள். ரோடு முழுக்க ஆடும் மாடும் ஜனமும். நல்லகாமன் பிரேக்கை மிதித்தான், பிடிக்கவில்லை. மறுபடியும் மிதித்தான், பிடிக்கவில்லை. சந்தைக் கூட்டத்துக்குள் விடுவதா, ஓரத்துப் புளியமரத்தில் விடுவதா என்று யோசிக்க நேரமில்லாமல் மரத்தில் விட்டான். சிலருக்குக் கை போனது, சிலருக்குப் பல் போனது, உயிர் ஒன்றும் போகவில்லை. அவனுக்குக் கால் போனது. முதலாளி மரியாதையாக ஆஸ்பத்திரிக்கு வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டு, அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், டிரைவர் குடித்திருந்தான், சீட்டுக்கு அடியில் பாட்டில் கிடந்தது என்று எழுதிக் கொடுத்தார். பாட்டிலும் கிடந்தது. எப்போது வந்து கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நல்லகாமன் குடிக்காதவன் என்று பாண்டியம்மாளும் சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கொஞ்சம் போடுவான். ஸ்டீரிங்கைத் தொடுகிற நாளில் ஒரு சொட்டு தொடமாட்டான். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் கேஸ். தோற்றால் லைசென்ஸ் போய்விடும், ஜெயிலுக்கும் போகவேண்டி வரலாம். பிரேக் கெட்டுக் கிடந்தது என்று ஒரே ஒரு டிரைவர் வந்து சொன்னால் போதும் என்றார் வக்கீல்.

அந்த ஒரு ஆள் மொக்கையன். விபத்துக்கு முந்தின நாள் அதே வண்டியை ஓட்டியவன் அவன்தான். ஆஸ்பத்திரியில் அவளிடம் வந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நேத்தே மேனேஜர்ட்ட சொன்னேன் மதினி, பிரேக் கீழ வரைக்கும் போகுதுன்னு. கேக்கலையே பாவிக." இது அவன் வாயால் சொன்னது. அப்புறம் முதலாளி இடிபட்ட வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து அதையே அவனுக்கு நிரந்தரமாகக் கொடுத்தார். அவனுக்கு ஞாபகசக்தி போய்விட்டது.

"எனக்கு ஒண்ணும் சரியா நெனவில்ல மதினி. அண்ணனும் ஞாயித்துக்கெழம போடுறவருதான?"

கேட்டபோது அவன் முகத்தில் அறைந்திருக்க வேண்டும் என்று அவள் பிறகு பல தடவை நினைத்தாள்.

இது ஒரு பக்கம் வேகும்போதுதான் ஓவர்டேக்கில் குவாட்டர் குருசாமி வந்து சேர்ந்தான். சின்னான் போட்ட புது வேஷம். உசிலம்பட்டி பஸ் டிரைவர், எப்போதும் போதை.

"ஏன்டா குருசாமி, வண்டிய எதுக்குடா புளியமரத்துல விட்ட?" என்று சிவசங்கரன் கேட்பான்.

"பிரேக்கத்தாண்ணே மிதிச்சேன்."

"அப்புறம் ஏன்டா நிக்கல?"

"ரெண்டு பிரேக்கு தெரிஞ்சுச்சுண்ணே. எத மிதிக்கன்னு தெரியல. நடுவுல வச்சேண்ணே!"

உடனே டிரம் அதிரும், கிட்டார் கதறும், நிலையமே சிரிக்கும். ஒரு வாரத்தில் மதுரை முழுக்க அது பரவிவிட்டது. ரிக்‌ஷா இடித்தால் நடுவுல வச்சேண்ணே. காலேஜ் பையன் பரீட்சையில் தோற்றால் நடுவுல வச்சேண்ணே. அவள் கூடையோடு பஸ் ஏறினால் கண்டக்டர் பையன் காதுபடச் சொன்னான். செக்கானூரணியில் வீட்டு வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் கத்த, உள்ளே நல்லகாமன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். தைரியமான ஆள் அவன். சிரிப்புக்குத்தான் அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் மாடி ஏறினாள். நிகழ்ச்சி ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. சிவசங்கரன் இசைத்தட்டு ஒன்றை மெத்தென்ற துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"தம்பி, அந்தக் குருசாமி கூத்த நிப்பாட்டுங்க. அது எங்க வீட்டுக்காரரத்தான் சொல்லுது."

"ஐயையோ, நாங்க யார் பேரையும் சொல்லலையே அக்கா?"

"உசிலம்பட்டி பஸ்ஸு. புளியமரம். இதுக்கு மேல பேரு எதுக்கு தம்பி? திங்கக்கெழம கேசு. சாட்சி சொல்ல வேண்டியவனெல்லாம் கீழ நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கான்."

"காமெடிக்கா இது. சிரிச்சுட்டு மறந்துருவாங்க. நெஜமாச் சொன்னா இது எங்க ஐடியாவே இல்ல. பச்சை வண்டி முதலாளி வந்து இந்தச் சேர்லதான் உக்காந்தாரு. 'இப்புடி ஒரு குடிகார டிரைவர், மரத்துல விட்டுட்டான், வச்சு ஒண்ணு பண்ணுங்கப்பா'ன்னு அவர்தான் சொன்னாரு. இப்ப நம்ம நிகழ்ச்சிக்கு விளம்பரமும் அவர்தான் தர்றாரு. தன் பஸ்ஸையே கேலி பண்ணச் சொல்ற மனுஷன் எங்கக்கா கெடைப்பான்? ரொம்ப ஸ்போர்ட்டிவ்."

பாண்டியம்மாள் அவனையே பார்த்தாள். தான் சொன்னது என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே இல்லை. இசைத்தட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது போதவில்லை அந்த முதலாளிக்கு. ஊரையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான், அதுவும் சிரிக்கச் சிரிக்க. படித்த பிள்ளை ஒன்று பாட்டுப் போட்டு அதற்குத் தாளம் தட்டுகிறது. அவள் எழுந்து படி இறங்கினாள். சொன்னால் இவனுக்குப் புரியப்போவதில்லை.

அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தபோது சிவசங்கரனும் இறங்கிவந்து காரை உறுமவிட்டு மேலே ஓடினான். கிட்டார் கதறியது. வணக்கம் மதுரை. டீக்கடை வாசலில் காக்கிச் சட்டைகள் கூடின. பச்சை வண்டி ஆள் நிறைந்து புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் கருத்தக்கண்ணன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். மொக்கையன் கையில் டீ கிளாஸோடு கூட்டத்தின் நடுவில் இருந்தான். அன்றைக்குப் பார்த்துக் காமெடியை முதலிலேயே வைத்துவிட்டார்கள். குருசாமி வந்தான், பிரேக்கை மிதித்தான், நடுவுல வச்சான். மொக்கையன் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். மற்ற யாரைவிடவும் சத்தமாகச் சிரித்தான்.

பாண்டியம்மாள் கூடையை அங்கேயே போட்டாள். நேராகப் பச்சை வண்டிக்குப் போய், டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி நின்று, ரப்பர் ஹாரனைப் பிடித்து அமுக்கினாள். பாம். மறுபடி அமுக்கினாள். விடவில்லை. கை வலித்தபோது இரண்டு கையாலும் அமுக்கினாள். ஸ்பீக்கரில் குருசாமி என்ன உளறினான் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

கருத்தக்கண்ணன் ஓடிவந்தான். "ஏய், என்னா பண்ற? எறங்கு!"

"தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்," என்றாள்.

மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னான் எட்டிப் பார்த்தான். பபூன் புத்தி எங்கே போகும்? மைக்கில் கூவினான்: "ஆகா, வந்துட்டாய்யா குருசாமி பொண்டாட்டி! மதினி, ஹாரன் வேணாம், பிரேக்க அமுக்குங்க! நடுவுல வைங்க!"

நிலையம் வெடித்துச் சிரித்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார்கள். பாண்டியம்மாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை அது, ஆத்திரம். ஹாரனை விட்டாள். படியில் நின்றபடியே காக்கிச் சட்டைகளைப் பார்த்துத் திரும்பினாள்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. மேல இருக்கவனுக்கு வண்டியும் தெரியாது, வலியும் தெரியாது. ஒங்களுக்கு என்னா கேடு? இந்த வண்டி பிரேக்கு எப்புடின்னு இங்க நிக்கிற ஒருத்தனுக்காவது தெரியாதா? சந்தைக்குள்ள விட்டுருந்தா அவரு கால் இருந்திருக்கும். எம்புட்டுப் பேரு செத்துருப்பாக! மரத்துல விட்டதுக்கு அவருக்குப் பேரு குடிகாரன்!"

மாடியில் சின்னான் இன்னொரு வேடிக்கை சொன்னான். இந்தத் தடவை சிரிப்பு அங்கங்கேதான் கேட்டது.

அவள் கண் மொக்கையனிடம் போய் நின்றது.

"வா. வந்து ஏறு. டயமாச்சுல்ல? ஒனக்குத்தான் வண்டியக் குடுத்துட்டாகளே, ஓட்டு. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு நீயும் ஒரு மரத்தப் பாப்ப. ஒன் சீட்டுக்கு அடியிலயும் பாட்டில் கெடக்கும். இவனுக அதுக்கும் ஒரு பாட்டுப் போடுவானுக. ஒன் பொண்டாட்டி கூடையத் தூக்கிக்கிட்டு வருவா. வரட்டும். எம்பக்கத்துல அவளுக்கு எடம் போட்டு வைக்கிறேன்."

படியிலிருந்து இறங்கி வழிவிட்டாள்.

மொக்கையன் டீ கிளாஸை வைத்தான். யாரையும் பார்க்காமல் வந்து ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், என்ஜின் கிளம்பியது. காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தான். ஒரு மிதி. இன்னொரு மிதி. கீழே தரையில் நின்ற பாண்டியம்மாளுக்கே அந்தப் பெடல் தகரத்தில் போய் இடிக்கிற சத்தம் கேட்டது. அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. கருத்தக்கண்ணன் விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை. மறுபடி கொடுத்தான்.

மொக்கையன் என்ஜினை அணைத்தான். சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்து, உள்ளே பார்த்துச் சொன்னான்.

"மூணு மிதி மிதிச்சாத்தான் இதுல பிரேக்கு பிடிக்கும். அன்னைக்கும் அப்புடித்தான், இன்னைக்கும் அப்புடித்தான். பெயிண்டு மட்டுந்தான் அடிச்சுருக்காக. நான் எடுக்கமாட்டேன். எறங்குறவக எறங்கிக்கங்க."

"டேய், மொதலாளிக்குத் தெரிஞ்சா..." என்றான் கருத்தக்கண்ணன்.

"தெரியட்டும்டா."

முதலில் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி எழுந்தாள். அவள் பின்னால் மஞ்சள் பை கிழவர் ஒருவர். அப்புறம் தள்ளுமுள்ளுதான். மாடிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிவசங்கரன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். இசைத்தட்டு முடிந்து முள் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாக் குழாய்களிலும் அதுதான் கேட்டது.

மொக்கையன் இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான். சாவி இன்னும் கையில் இருந்தது.

"திங்கக்கெழம வந்து சொல்றேன் மதினி. கோர்ட்டுல இத அப்புடியே சொல்றேன்."

பாண்டியம்மாள் குனிந்து, சிதறிக் கிடந்த வெள்ளரிப்பிஞ்சுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டாள். கூட்டம் மிதித்துப் பாதி நசுங்கியிருந்தது. அவளுடைய கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.

"சொல்லு," என்றாள். "அதுக்கு முன்னாடி செக்கானூரணிக்கு வா. போர்வைய இழுத்து மூடிக்கிட்டுக் கெடக்காரே, அவரு மூஞ்சியப் பாத்து மொதல்ல சொல்லு. அதுவரைக்கும் என்னய மதினின்னு கூப்புடாத."